லார்ஜ் என்று தைத்தவள்

தையல் கூடத்தில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், பொத்தான் வைக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு மேஜை. அவள் மேஜைக்கு வந்து சேர்வது முடிந்த சட்டை. காலரின் உள்பக்கம் நடுவில் சைஸ் லேபிளை வைத்து, மிஷினில் இரண்டு ஓரமும் ஒரு ஓட்டு ஓட்டித் தள்ளிவிட வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கூடத்தில் லேபிள் மாறுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. "தையல் விட்டுப்போனா பிரிச்சுத் தைச்சுக்கலாம். சைஸ் மாறிப்போனா மொத்த லோடும் திரும்பி வரும்" என்று சூப்பர்வைசர் தினமும் ஒப்பிப்பார்.

லேபிள் அக்கா ஒருநாளும் மாற்றியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சட்டையைத் தோளோடு தோள் மடித்து, ஒரு சாண் வைத்துப் பார்த்து, லேபிள் சொல்வது சரிதான் என்று தெரிந்த பிறகுதான் ஊசியை இறக்குவாள். அப்பேர்ப்பட்டவள்தான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தெரிந்தே தப்பான லேபிளைத் தைத்தாள். அதுவும் பெற்ற மகளின் சட்டையில்.

மகளுக்கு வீட்டில் பெயர் குண்டு. தெருவிலும் அதேதான். அந்தப் பெயரை வைத்ததும் லேபிள் அக்காதான், ஆனால் கேலிக்கு வைத்தாள் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிவிடும். பிறந்தபோது அந்தப் பிள்ளை ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி இருந்தது. நர்ஸ் தராசில் கிடத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிழைக்குமா என்று கேட்கவே தாய்க்காரிக்குப் பயம். அந்த எலிக்குஞ்சை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு "என் குண்டு, என் குண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிச் சொல்லித்தான் பிள்ளை தேறியது என்று இன்றைக்கும் நம்புகிறாள். பிள்ளை தேறிவிட்டது, பெயர் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று உண்டு, நல்ல பெயர்தான். டீச்சர்கள் வருகைப் பதிவு எடுக்கும்போது தவிர அதை யாரும் சொன்னதில்லை.

குண்டு வளர்ந்து பெரியவளானதும் உடம்பும் பெயருக்குத் தகுந்த மாதிரி ஆனது. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அப்பா பஸ் டிரைவர். அவருக்குக் காலில் கட்டுப் போட்டிருந்த சமயம், லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடத்தில் அவரை முதுகில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியவள் அவள். "நான் ஓட்டுற வண்டிகூட இவ்வளவு அலுங்காம போகாது" என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த மாடிப்படியில்தான் அவளுக்கு ஆசை வந்திருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள். எடை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அவர்கள் எங்கேயும் கேட்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், ஆள் கனத்துக்கு மணல் அடைத்த பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். பொம்மையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஓட்டத்துக்காக விடியற்காலையில் எழுந்து போக ஆரம்பித்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போகிற வரைக்கும். லேபிள் அக்காவும் கூடப் போயிருந்தாள். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், எல்லாம் சரி என்றார். கையெழுத்துப் போடுகிற நேரத்தில், தலையை நிமிர்த்தாமலே, "உடம்பு பருமன்னு போட்டிருக்கேன். முதல்ல இதைக் குறைக்கிற வழியைப் பாரும்மா, ஓட்டமெல்லாம் அப்புறம்" என்றார். அறையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். குண்டு சான்றிதழை வாங்கி மடித்துக்கொண்டாள். குண்டு என்று வாழ்நாளெல்லாம் காதில் விழுந்ததும் அதே அர்த்தம்தான், ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அது அவள் மேல் விழுந்தது.

மறுநாள் அவள் ஓடப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஷூ கதவுக்குப் பின்னால் கிடந்தது. எல்லோரும் இருக்கும்போது இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு அடுப்படியில் விளக்கைப் போடாமல், பாத்திரத்தோடு நின்று அள்ளிச் சாப்பிடுவாள். ஒருநாள் லேபிள் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காதது போலத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.  "தேர்வுக்குப் போகப் போறதில்லையாடி?" என்று மறுநாள் மெல்லக் கேட்டாள். "மெலிஞ்சவங்க போகட்டும்மா" என்றாள் மகள். துணி உலர்த்தப் போறேன் என்கிற குரலில் சொன்னாள், அவ்வளவு சாதாரணமாக.

கூடத்தில் சின்னக் கறை, கோணல் தையல் என்று கழித்துப்போட்ட துணியை வேலை செய்கிறவர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். லேபிள் அக்கா மகளுக்கு எப்போதும் எடுக்கிற டபுள் எக்ஸெல்லில் ஒரு விளையாட்டுச் சட்டை எடுத்தாள். சுருளின் முனையிலிருந்து ஒரு லேபிளைக் கத்தரித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து பழையதைப் பிரித்து, அந்த இடத்தில் ஒரு அளவு குறைத்து எக்ஸெல் என்று தைத்தாள்.

கண்ணாடிக்கு முன்னால் நிற்காதவள், தராசுப் பக்கமே போகாதவள், காலரை மட்டும் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது எக்ஸெல்லாச்சே."

"அப்படியா? கையில கிடைச்சதை எடுத்தேன். பத்தலைன்னா குடு, மாத்திட்டு வர்றேன்."

பத்தாமல் எப்படி இருக்கும்? கச்சிதமாக இருந்தது. குண்டு கையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து நிமிர்ந்து பார்த்தாள்.  மறுநாள் காலையில் ஷூ கதவுக்குப் பின்னால் இல்லை. லேபிள் அக்கா அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கண் நிறைந்துவிட்டது. பொய் சொன்னதற்குக் குற்ற உணர்ச்சி வர வேண்டும்தான். வரவில்லை.

நாள் போகப் போக ஓட்டம் கூடியது. தட்டில் போட்டதை உட்கார்ந்து சாப்பிட்டாள். வாயில் பாட்டு வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிக் காட்டட்டுமா என்று அவரையே மிரட்டினாள். உடம்பு இருந்த மாதிரியேதான் இருந்தது, அளவெடுத்தே பழகிய தாய்க்காரியின் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனாலும் ஆசை யாரை விட்டது. அடுத்த சட்டை வந்தபோது துணிந்து லார்ஜ் என்று தைத்தாள். குண்டு அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள். "இப்ப வரச் சொல்லு அந்த டாக்டரை" என்றாள்.

தேர்வு நாளன்று அந்தச் சட்டையிலேயே கிளம்பிப் போனாள். லேபிள் அக்கா வேலையில் இருந்தாலும் மனசு மைதானத்தில்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மகள் ஏற்கெனவே வந்திருந்தாள். காலில் ஷூ அப்படியே இருந்தது, மைதானத்துத் தூசி படாமல். மடியில் லார்ஜ் சட்டை, காலர் புரட்டியபடி. மேலே வேறு ஏதோ பழைய சட்டையைப் போட்டிருந்தாள்.

"இது யாரும்மா தைச்சது?"

லேபிள் அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"கூடத்துல தைச்சா ஒரே ஓட்டுதான் இருக்கும். இங்க பாரு, பக்கத்துலயே பழைய ஊசித் துளை வரிசையா இருக்கு. நான் பாக்கலை. மைதானத்துல சட்டை குடுக்கிற அம்மா பாத்துச் சொன்னாங்க."

நடந்தது இதுதான். ஓடுகிறவர்களெல்லாம் அவர்கள் கொடுக்கிற நம்பர் போட்ட சட்டையில்தான் ஓட வேண்டுமாம். என்ன சைஸ் என்று கேட்டதற்கு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் குண்டு நிமிர்ந்து நின்று "லார்ஜ்" என்று சொல்லியிருக்கிறாள். சட்டை தோளுக்குக் கீழே இறங்கவே இல்லை. பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா அவள் காலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ உன்னை ஏமாத்தி வித்துட்டாங்க, பாப்பா" என்று டபுள் எக்ஸெல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"அவங்க நல்ல மாதிரிதாம்மா. ஆனா அதைக் கையில வாங்குனதும் எனக்குக் காலு ரெண்டும் நகரலை. அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

"நேத்து வரைக்கும் ஓடுனியே. அதே உடம்புதானேடி."

"வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். அதே உடம்புதான். அதே உடம்போட என்னால ஓட முடியும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. தினமும் பாத்திருக்கே. அப்புறம் ஏன் சொல்லலை? டபுள் எக்ஸெல்லைப் போட்டுக்கிட்டு ஓடுடின்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லலை?"

லேபிள் அக்கா சட்டையை வாங்கக் கையை நீட்டினாள். மகள் கொடுக்கவில்லை.

"டாக்டராவது என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நீ மறைச்சே. மறைக்கிற மாதிரி இருக்கேன்னு உனக்கும் தோணியிருக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போகிற போக்கில், "நாளான்னைக்குக் கடைசிக் கூட்டம் ஓடுதாம், வர்றதுன்னா வான்னு அந்தச் சட்டை குடுத்த அம்மா சொன்னாங்க" என்றாள். போவேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

லேபிள் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். சுருக்கென்று தைத்தது மகளின் கோபம் அல்ல, அவள் சொன்னதில் இருந்த உண்மை. எக்ஸெல் என்று தைத்தபோது மகளைத் தூக்கி நிறுத்துவதாகத்தான் நினைத்தாள். ஆனால் டபுள் எக்ஸெல்லைப் பிரித்து எடுத்தபோது, யாரும் பார்ப்பதற்கு முன்னால் கறையைத் துடைக்கிற அவசரம் ஒன்று கையில் இருந்ததே. அது இருந்தது. இல்லை என்று யாரிடம் சொல்வது?

அப்பா டூட்டி முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க என் குண்டு? தீயை அணைச்சுட்டு வந்தாச்சா?" என்றார்.

"இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள் லேபிள் அக்கா.

அவர் திகைத்துப்போனார். "வேற எப்படிக் கூப்பிடுறது?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவள் நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். நல்ல லேபிளைத் தூக்கிப்போட அந்தத் தொழிலில் யாருக்கும் கை வராது. முன்பு பிரித்தெடுத்த டபுள் எக்ஸெல் இரண்டும் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன. லார்ஜைப் பிரித்து எடுத்தாள். பழக்க தோஷத்தில் சட்டையைத் தோளோடு தோள் மடித்து ஒரு சாண் வைத்துப் பார்த்தாள். பிறகு அதே பழைய துளைகளின் மேல், டபுள் எக்ஸெல் என்று, கோணாமல், கூடத்தில் தைக்கிற மாதிரியே அழுத்தமாகத் தைத்தாள். எழுந்து சட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள்.

அப்புறம் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர். சொந்த நாக்கிலேயே அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் மாதிரி ஒலித்தது.

 இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா" என்றது குரல்.

லேபிள் அக்கா அழவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து மறுபடியும் உட்கார்ந்தாள். ஒரு கைக்குள் அடங்குகிற பிள்ளையை அணைத்துக்கொண்டு அன்றைக்குச் சொன்ன மாதிரியே, அந்தப் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.