கல்லுங்கறது அதோட இனிஷியல்

எட்டு நாளா மனநல மாத்திரையை நிறுத்திட்டான் என் தம்பி. அவனா வந்து சொல்லல. அவனோட செல்போன் ரிப்பேர் கடைக்குள்ள நுழைஞ்சேன். வாடிக்கைக்காரங்க குடுத்த பதினோரு போனையும் ஒரே நேரத்துல பிரிச்சுப் பரப்பி வச்சுக்கிட்டு, எல்லாத்தையும் சேர்த்துப் புதுசா ஒண்ணு செய்யப்போறேன்னு மூச்சு விடாம பேசறான். மூணு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆளை மீட்க ரெண்டு மாசமாச்சு.

"ஏண்டா நிறுத்தினே?"

"அது லித்தியம்க்கா. இந்த பேட்டரியில இருக்கே, அதே சரக்கு. கிரேக்க மொழியில கல்லுன்னு அர்த்தமாம். போன மாசம் அப்பா செத்தப்ப எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. என்னைக் கல்லாக்கிடுச்சு அது."

சுர்ருன்னு ஏறிச்சு எனக்கு. பத்தொன்பது வருஷமா ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபைக் கட்டி மேய்க்கிறவ நான், எனக்கே பாடமா? ஷட்டரை இழுத்து மூடிட்டு அவனைக் கையோட கூட்டிட்டுப் போனேன்.

லேபுல லித்தியம் குப்பியைத் திறந்து, எண்ணெய்ல மிதந்த துண்டை இடுக்கியால எடுத்து, தட்டுல வச்சு, கத்தியை அழுத்தினேன். வெண்ணெய்க்கட்டி மாதிரி வெட்டுப்பட்டது. உள்ளே பளபளன்னு வெள்ளி நிறம்.

"இதுவாடா கல்லு?"

"அப்புறம் ஏன் அந்தப் பேரு?"

"முதல்ல இதைக் கல்லுக்குள்ளதான் கண்டுபிடிச்சாங்க. கல்லுங்கறது இதோட இனிஷியல்டா, குணமில்ல. நம்ம பேருக்கு முன்னாடியும் அப்பா எழுத்து நிக்குது. அதுக்காக நாம அவரு மாதிரி பெல்ட்டைக் கழட்டி யாரையாவது அடிச்சோமா?"

வெட்டின இடம் மங்கிக்கிட்டே வர்றதைப் பார்த்துட்டு நின்னான்.

"இன்னொண்ணும் கேளு. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவ நான். எனக்கும்தான் அன்னிக்கு அழுகை வரல. கைக்குட்டையால மூக்கைத் துடைச்சு நடிச்சேன்."

"நிஜமாவாக்கா?"

"உன்மேல சத்தியமா."

அப்புறம் போனை எடுத்தான்.

"டாக்டர், நான்தான். எட்டு நாளா மாத்திரை போடல. மறுபடி எப்படி ஆரம்பிக்கணும்?"

குப்பியை மூடப்போனேன். மூடி எங்கே இருக்குன்னே தெரியல, கண்ணை மறைச்சுடுச்சு. பெத்த அப்பனுக்கு வராத அழுகை, இவனுக்காகக் கேவிக் கேவி வருது.

போனைக் கையால பொத்திக்கிட்டு என் பக்கம் திரும்பினான் பாவிப்பய.

"மெதுவா அழுக்கா, டாக்டர் சொல்றது காதுல விழல."