ஒரு பல் கீழே மாட்டிய கொக்கி

அக்டோபர் 18, சனிக்கிழமை. பாய்மரத்தின் சாய்வை இன்று தவறாக அளந்துவிட்டேன். அளவு நாடாவை மர உச்சிக்கு ஏற்றும் கயிற்றின் கொக்கியை, உச்சியிலுள்ள பல்சட்டத்தில் ஒரு பல் கீழே மாட்டியிருந்தேன். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம்.

எழுதியதைச் சுமிரே மறுபடி படித்தாள். அலுவலகம் முடிந்து மாலை வகுப்பில் படகு வரைபடம் கற்பவள். எதையும் இரண்டு முறை சரிபார்த்தாலும் மூன்றாம் முறை சந்தேகம் வரும்.

நாளை பழைய மாணவர்களின் பந்தயம். எட்டு வருடங்களுக்குப் பிறகு அவளும் மாணவ அணித் தோழி மஹோவும் ஜப்பானின் பீவா ஏரியில், அதே இருவர் பாய்மரப் படகில். சுமிரே சுக்கான் பிடிப்பாள். மஹோ மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்பில் மாட்டி, விளிம்பில் கால் ஊன்றி, படகு சாயாதபடி தண்ணீருக்கு மேலே உடம்பை நீட்டித் தொங்குவாள். இருவருமே ஒல்லி. எடை ஏற்ற வேண்டும் என்று மஹோ அந்தக் காலத்தில் நாளுக்கு ஏழு சோற்றுருண்டை தின்றாள். காற்று சரியாக அமையும் நாளில் படகு தன் அலை மீதே ஏறி ஓடும், அடிப்பலகை ரீங்காரமிடும். அந்த ஒலி கேட்டால் இருவரும் காரணமின்றிச் சிரிப்பார்கள்.

இன்று மதியம் பயிற்சியில், கரையோர ஹிரா மலையிலிருந்து பலத்த காற்று இறங்கியதும் படகு சாய்ந்துகொண்டே இருந்தது.

"ஏய், ஏழு உருண்டைக்குப் பதிலா இப்ப பதினாலு தின்னாலும் இதை நிமித்த முடியாதுடீ!" என்று மஹோ கம்பியிலிருந்து கத்தினாள்.

கரைக்கு வந்து மறுபடி அளந்தபோதுதான் கொக்கி விஷயம் தெரிந்தது. நாடா தாழ்ந்திருந்ததால் மரம் அதிகம் பின்சாய்ந்திருப்பதாக நினைத்து, அதை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். பலத்த காற்றில் மரம் பின்சாய்ந்திருக்க வேண்டும்; அவள் செய்தது நேர்மாறு.

ஏதோ உறுத்த, சுமிரே பையிலிருந்து மாணவ நாட்களின் நோட்டை எடுத்தாள். கடைசிப் பந்தயத்தின் பக்கம்: 'பாய் ஏற்றும்போது கொக்கி, அளந்தபோது இருந்ததைவிட ஒரு பல் மேலே போனது. ஏன் என்று தெரியவில்லை.'

அன்று இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவர்கள், முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் கவிழ்ந்தார்கள். மஹோவின் கால் வழுக்கியதுதான் காரணம் என்றார்கள். அவளும் அணி முழுவதன் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். சுமிரே பக்கத்தில் பேசாமல் நின்றாள். அதன்பின் மஹோ படகேறியது இன்றுதான்.

படகுக் கொட்டகை மேசையின் எதிர்ப்பக்கம் மஹோ கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மஹோ, அன்னைக்குத் தப்பு உன் கால்ல இல்ல."

"வழுக்குச்சுடீ. என் காலு, எனக்குத் தெரியாதா?"

"படகு அதுக்கு முன்னாடியே கட்டுப்பாட்டுல இல்ல. மரத்தை நான்தான் தப்பா அளந்து நிமித்திட்டேன். இன்னைக்குப் பண்ணின அதே தப்பு."

மஹோ நோட்டை வாங்கிப் படித்தாள். நூடுல்ஸ் ஊறிப் பெருத்தது.

"அன்னைக்கே எழுதியிருக்கியே."

"எழுதினேன். புரியல."

"எட்டு வருஷம். ரயில்வே ஸ்டேஷன் படியில கூட காலையே பாத்துக்கிட்டு ஏறுறேன் நான்."

சுமிரே எழுந்து இடுப்புவரை குனிந்தாள்.

"நிமிருடீ. இங்க நீயும் நானும் நூடுல்ஸும்தான் இருக்கோம். நான் முப்பது பேரு முன்னாடி குனிஞ்சேன்."

"நாளைக்குக் காலையில பந்தயத்துக்கு முன்னாடி பழைய அணி எல்லாரும் வரிசையா நிப்பாங்க. அப்ப சொல்றேன்."

"சொன்னா கம்பியில தொங்குறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்க," என்றாள் மஹோ. குச்சிகளைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

சுமிரே பேனாவை எடுத்தாள்.

நாளை: ஆறரைக்கு மஹோவோடு மரத்தின் சாய்வை அளப்பது. ஏழு மணிக்கு வரிசையின் முன்னால் போய், அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பது.