ஆள் நின்றால்தான் தண்ணீர்

கலைமதி ஃபேனை நிறுத்தினாள். அதன் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பி.எட். முடித்த பிறகு அவளைக் கூப்பிட்ட முதல் வேலை இது. வளைகுடாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் டியூஷன். இன்று மாதிரி வகுப்பு. திரையில் கத்தாரின் தோஹாவிலிருந்து இலக்கியா, ஏழாம் வகுப்பு. மூலையில், மதிப்பெண் போட, டியூஷன் நிறுவனத்தின் மோகனப்ரியா. முடியும்வரை எழக்கூடாது.

பாடம், நாடுகளும் நீரும். பலகையில் மூன்று கட்டம் போட்டாள். நாடு, இருக்கும் நீர், செலவாகும் நீர்.

"பிரேசில்ல ஆறு நிறைய. கத்தார்ல ஆறே கிடையாது. ஆனா ஒரு ஆள் வீட்டுல செலவழிக்கிற தண்ணி, இந்தியாவை விடக் கத்தார்ல ரொம்ப அதிகம். எப்படி?"

"கடல் தண்ணியில உப்பை எடுத்துடுவாங்க மிஸ். எங்க பில்டிங்ல எப்பவும் வரும்."

வெளியே தெருக்குழாய் இருமியது. குடங்கள் உரசின.

அறந்தாங்கியில் அவர்கள் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சாயங்காலம் ஆறுக்கு மேல், அரை மணி நேரம். வீட்டில் நேற்றே குடம் காலி. காலிக் குடங்களைக் குழாயடி வரிசையில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் வேலை முடிந்து வர ஒன்பதாகும்.

"ஏ கலைமதி! தண்ணி வந்துருச்சு, ஓடியா!" எதிர்வீட்டுச் சுடர்விழியின் குரல். பிறகு, "பாவம், அது கொடத்தையும் பிடிச்சு வைப்போமாக்கா?"

"எதுக்கு?" இது செங்கமலம். "எந் தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவ கொடத்தைத் தூக்கி ஓரமா வச்சது யாரு? ஆள் நின்னாத்தான் தண்ணின்னு சட்டம் போட்டது நம்ம டீச்சரம்மாதானே. சட்டம்னா சட்டம்டி."

சிரிப்பு.

போன கோடையில், நடுத்தெருவில் நின்று கலைமதிதான் அதைச் சொன்னாள். நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"மிஸ், அங்க யாரோ சண்டை போடுறாங்க."

"டிவிம்மா."

"இந்தியாவுலதான் ஆறு இருக்கே. அப்புறம் ஏன் ஒரு ஆளுக்கு கம்மி?"

"நாட்டுல தண்ணி இருக்கிறது வேற. அது வீட்டுக்கு வந்து சேர்றது வேற."

ஜன்னல் பக்கம் அவள் திரும்பவில்லை. தண்ணீர் பிளாஸ்டிக்கில் விழும் சத்தம் மெலிந்து, நின்றது. அதன் பிறகும் பாடம் கொஞ்சம் மீதியிருந்தது. நடத்தி முடித்தாள்.

"ரொம்ப நல்லாப் பண்ணீங்க," என்றாள் மோகனப்ரியா. "திங்கள்கிழமையிலருந்து வந்துடுங்க. அங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நமக்குத் தினமும் ஆறுலருந்து ஏழரை."

"வேற நேரம் ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?"

"இல்லம்மா. இன்னொண்ணு, வெளிச்சத்தம் வரக்கூடாது. ஜன்னலைச் சாத்திக்குங்க. சரியா?"

"சரிங்க மேடம்."

வெளியே வந்தாள். அவளுடைய குடங்களைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குழாயைத் திருகினாள். காற்று வந்தது.

"என்ன டீச்சரே, வேலை கெடைச்சிருச்சா?" என்றாள் செங்கமலம்.

"கெடைச்சிருச்சுக்கா."

"அப்படிப் போடு. எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஆறுக்கு."

செங்கமலம் சிரிக்கவில்லை.

"தெனமுமா?"

"தெனமும்."

செங்கமலத்தின் தங்கை தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கலைமதியைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.