நடுத்தூணின் சூடு

வடகோடி ஊரான விண்ட்ஃபோர்ஸில், ஆற்றுப் பாலத்தின் நடுத்தூணில் பனி நிற்பதில்லை. 1938 பிப்ரவரியில் அதற்கு கான்கிரீட் ஊற்றினார்கள். அது இறுகிய நாளிலிருந்து எந்தக் குளிர்காலத்திலும் அதன் சூடு முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை. சாலை அலுவலகம் இரண்டு முறை ஆள் அனுப்பி அளந்து பார்த்தது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனது.

தூண் இறுகும்வரை அதற்கு வெப்பம் பார்க்கும் வேலை டெக்லா பூர்மனுடையது. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஆற்றுப் பனி உடைந்து, நடந்தும் கடக்க முடியாமல் படகும் விட முடியாமல் இருந்த வாரத்தில், அவள் கணவன் எவெர்ட்டுக்குக் குடல்வால் வெடித்தது. ஆஸ்பத்திரி அக்கரையில். அதன் ஜன்னல்களைப் பார்த்தபடியே அவன் கரையில் செத்துப்போனான். 1938 மே மாதத்துக்குள் பாலம் வரும் என்று சாலை அலுவலகம் சொன்னதும் டெக்லாதான் முதலில் வேலை கேட்டுப் போய் நின்றாள்.

ஊற்றிய ஈரம் காயாத பச்சைக் கான்கிரீட் குளிரில் உறைந்துவிட்டால் பிறகு வலுவே பிடிக்காது. அதனால் தெற்கிலிருந்து வந்த இன்ஜினியர் சில்வேன் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகளைச் செருகி, அவற்றின் வழியாக மின்சாரத்தை ஓடவிட்டார். மின்சாரம் ஈரத்தினூடே ஓடும்போது தூண் உள்ளேயே சூடாகி, ஒரு மாதத்தில் இறுகுவது மூன்றே நாளில் இறுகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் விரிசல் விடும். ஊரின் சின்ன மின்நிலையம் தூணுக்கும் வீடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கப் போதாது என்பதால், மூன்று நாளைக்கு எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டார்கள். மணிக்கொரு தடவை டெக்லா தூணின் துளைகளில் வெப்பமானியை இறக்கி எடுத்தாள்.

"என்ன டெக்லா, சிமென்டுக்கு ஜுரமா பாக்குற?" என்று கேட்டான் மரம் அறுக்கும் அல்கோட்.

"ஜுரம் வந்தாத்தான் இது பொழைக்கும். நீ போய் உன் வேலையப் பாரு."

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மின்நிலையத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் வாயைப் பனிக்கூழ் அடைத்தது. மின்சாரம் நின்றது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு டிகிரி. தூண் நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கியது, பிறகு இருபதுக்கு. மின்நிலையத்தைச் சுத்தம் செய்யச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். சில்வேன் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டு, "அவ்வளவுதான். இது போச்சு" என்றார்.

"போகாது இன்ஜினியரே," என்றாள் டெக்லா. கையுறையைக் கழற்றினாள். இரண்டு உள்ளங்கைகளையும் தூணைச் சுற்றி அடித்திருந்த அச்சுப்பலகையில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். வெப்பமானி ஒரு டிகிரி ஏறியது. சில்வேன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஏறியதுதான்.

அல்கோட் அவள் பக்கத்தில் வந்து கை வைத்தான். இன்னொரு டிகிரி. பிறகு ஊரே வந்தது. நாற்பத்தோரு பேர். அல்கோட்டின் மனைவி சீக்னே ஆறு மாத வயிற்றைப் பலகையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கை மாற்றிக் கை மாற்றி, ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரைக் கட்டியை வைத்துக் காபியை ஊற்றிவிட, ஏழு மணி நேரம் நின்றார்கள். சில்வேன் அந்த நேரங்களுக்கு நேராக, மின்னழுத்தம் எழுதும் கட்டத்தில், "ஆட்கள்" என்று எழுதிவைத்தார். மின்சாரம் திரும்பி வந்தபோது தூண் ஐம்பதில் இருந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் குளிரெடுத்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

மே மாதம் பனி உடைந்து வீடளவு பெரிய பாளங்கள் வந்து தூணில் மோதின. தூண் அசையவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் சீக்னேவுக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. டெக்லா அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிகூட இன்னும் வைக்காத பாலத்தில் நடந்தாள். கீழே ஆறு இரைந்தது. நடுத்தூணுக்கு மேலே வந்ததும் சீக்னேவை உட்காரவைத்து மூச்சு வாங்கவிட்டாள். பலகை வழியாக வெதுவெதுப்பு ஏறிவந்தது. "எவெர்ட், பாரு, வந்துட்டோம்" என்றாள். நான்கு வருடமாக வராத அழுகை அங்கே வந்தது.

பெண் குழந்தை. டாக்டர் வயிற்றை அறுத்து எடுத்தார், தாயும் பிழைத்தாள். நர்ஸ் குழந்தைக்கு வெப்பம் பார்த்துவிட்டுப் பதறினாள்: முப்பத்தாறு. தாயைப் பார்த்தாள்: முப்பத்தாறு. கூட வந்த டெக்லாவையும் விடவில்லை: முப்பத்தாறுதான்.

"மூணு பேருக்கும் ஒரு டிகிரி குறையுதே! எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகலம்மா, பாலத்துல இருக்கு," என்றாள் டெக்லா. "அதுலதான் நடந்து வந்தோம்."

நர்ஸ் ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டை எடுத்து, மூன்று பெயர்களுக்கும் நேராக, "விண்ட்ஃபோர்ஸ்காரர்கள். இவர்களுக்குச் சரியான சூடு" என்று எழுதினாள்.