வாசலோடு நின்ற கண்காட்சி

நான் ஓவியன் என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் அதிலிருந்த ஒரே சிக்கல். ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க் வேலை, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு, அதில் ஓர் அறை முழுக்க என் படங்கள். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரைந்தவை. ஹௌரா பாலம் மட்டும் ஐந்து இருக்கும். மழையில் பாலம், பனியில் பாலம், சும்மா பாலம்.

"ஏன்னா, ரெண்டு பாலத்தை எடுத்தா ஒரு பீரோ போடலாமே" என்பாள் என் மனைவி சுந்தரவல்லி. கலையைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

1997 டிசம்பரில் எங்கள் பேட்டை க்ளப்பில் குளிர்கால விழா வந்தது. பாட்டு, கவிதை ஒப்பித்தல், குழந்தைகளை வரிசையாக உட்கார்த்தி வைத்துப் படம் போடச் சொல்லும் போட்டி எல்லாம் உண்டு. செயலாளர் பிமல்தா, அதாவது பிமல் அண்ணா, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கேரம் அறையை எனக்கு ஒதுக்கினார். ஒரு மணிக்கு மேல் கேரம் இறுதிப் போட்டி. கலையைவிட அது முக்கியம் என்று நான் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

"நிகில் பாபு வராரு ஷேஷாத்ரிதா. உங்களுக்கு நல்ல சான்ஸ்" என்றார் பிமல்தா.

நிகில் பாபு ஓவியக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு ஹாலில் அவர் கண்காட்சி நடத்தப் போகிறார். எங்கள் பேட்டையிலிருந்து அதற்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்த ஹால் சுவரில் எனக்கென்று ஓர் ஆணி கிடைத்தால் போதும் என்றிருந்தது. மறைப்பானேன், அந்த ஆணிக்காக ஏங்கினேன்.

முதல் நாள் சுந்தரவல்லியிடம், "நாளைக்கு க்ளப் வாசல்ல ஒரு கோலம் போட்டுடு" என்றேன்.

"சின்னதா நாலு இழை இழுத்துடறேன்."

"சின்னதாவா? வரவா எல்லாம் அசந்து போகணும். வராந்தா முழுக்கப் போடு, செவுத்துக்குச் செவுறு."

"அப்புறம் வரவா எப்படி உள்ள போவா?"

"நம்மாத்துல எப்படிப் போறோம்? மிதிச்சுண்டுதான்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கண்காட்சி என்னுடையது, நான் சொன்னதைச் செய் என்றுவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் உள்ளே போய்ப் படம் மாட்ட ஆரம்பித்தேன். அவள் அரிசிமாவைக் கரைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். அந்த க்ளப்பில் மூன்று படி, படி ஏறினால் சிவப்பு சிமென்ட் வராந்தா, அப்புறம் ஒரே ஒரு கதவு. எட்டரைக்கு நான் பதினாலாவது படத்தை நேராக்கிவிட்டுத் திரும்பியபோது, வராந்தாவில் கால் வைக்க இடமில்லாமல் வெள்ளைக் கோலம் காய்ந்திருந்தது. ஓரத்தில் காவி. அவள் படியில் உட்கார்ந்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பேஷ்" என்று சொல்லிவிட்டு நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. வந்த கூட்டம் படியிலேயே நின்றது.

"ஆஹா! பௌதி, நீங்களா போட்டீங்க இந்த ஆல்பனா?" என்றார் பிமல்தா. பௌதி என்றால் அண்ணி. ஆல்பனா என்பது அவர்கள் லட்சுமி பூஜைக்கு மாக்கரைசலால் தரையில் போடுவது. அதை மிதிப்பது அவர்கள் வீட்டில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். இருபது வருஷம் வங்காளத்தில் குப்பை கொட்டிய எனக்கு அது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

நான் கதவருகில் நின்று, "வாங்க, உள்ள வாங்க, தாராளமா மிதிங்க" என்று என் ஆபீஸ் வங்காளியில் கூப்பிட்டேன். பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி, படிக்குக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, "உங்க மனசு பெருசு ஷேஷாத்ரிதா" என்றார் பிமல்தா. மண்குவளையில் டீ வந்தது. எனக்கும் ஒன்று வாங்கினார்கள். அதை எப்படிக் கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியாமல் அவர்களே குடித்துவிட்டார்கள்.

அவர்கள் மிரட்சியைப் பார்த்தபின் எனக்கும் வெளியே வரத் தைரியமில்லை. கோபத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் படங்களையே பார்த்தேன். என் பதினாலு படங்களோடு நான் வேறு வேலையில்லாமல் தனியாக ஒரு மணி நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. எதிரிக்குக்கூட அப்படி ஒரு மணி நேரம் வர வேண்டாம். ஆபீஸ் ஸ்கேலை வைத்துக் கோடு போட்ட பாலம், ஐந்து படத்திலும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. பதினோரு வருஷமாக அது என் கண்ணில் படவில்லை.

பதினோரு மணிக்கு நிகில் பாபு வந்தார். குல்லாய், சால்வை, கைத்தடி. வந்தவர் அப்படியே மேல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பென்சிலால முதல்ல போட்டுக்கிட்டீங்களா?" என்று சுந்தரவல்லியைக் கேட்டார்.

"இல்லையே."

"இந்த நாலு கோடும் ஒரே இடைவெளியில வந்திருக்கே. ஸ்கேல்?"

"விரல்தான்."

அவள் பேசிய வங்காளி என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. தினமும் காய்கறிக்காரனோடு பேசுகிறவள். எந்த விரல், மாவில் நனைத்த துணியை எப்படிப் பிடிப்பது என்று அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். மணி பன்னிரண்டேகால். கேரம் ஆட வந்தவர்கள் பவுடர் டப்பாவோடு நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"சார், படம் உள்ள இருக்கு" என்றேன்.

"இருங்க, இருங்க" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இது மிதிக்கிறதுக்குத்தான்! பாருங்க!" என்று கத்திக்கொண்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு கோலத்தின் நடுத் தாமரையில் காலை வைத்தேன்.

"ஏ மா!" என்று படி முழுக்க ஒரே சத்தம். பிமல்தா கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபின் அடுத்த காலை எடுத்து வைக்க எனக்குத் துணிவில்லை. ஒரு கால் தாமரையில், ஒரு கால் அறையில், அசடு வழிய நின்றேன்.

சுந்தரவல்லிதான் சிரித்தாள். "அவர் சொல்றது சரிதான்" என்றாள் எல்லாரிடமும். "எங்க வீட்டுல தினம் போடுவேன். தினம் மிதிப்பாங்க. சாயங்காலம் ஒண்ணும் இருக்காது. மறுநாள் வேற போடுவேன். யாரும் மிதிக்கலைன்னா அன்னிக்கு வீட்டுக்கு யாரும் வரலைன்னு அர்த்தம்."

நிகில் பாபு கைத்தடியை ஊன்றி எழுந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். அவளிடம் "மிதிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு, நுனிக்காலில் கோலத்தின் மேல் நடந்து உள்ளே வந்தார். என் பதினாலு படங்களையும் நாலு நிமிஷத்தில் பார்த்தார். பாலத்தின் முன்னால் மட்டும் நின்று, தலையை இடது பக்கம் சாய்த்தார்.

"உழைச்சிருக்கீங்க" என்றார்.

அவ்வளவுதான். ஆணி போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே போய் அவர் சுந்தரவல்லியிடம், "பிப்ரவரியில எங்க ஹால் வாசல்ல வந்து போடணும்" என்று சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. சுற்றிக் கயிறு கட்டிவிடுவோம், யாரும் தொட மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"கயிறு கட்டினா வரமாட்டேன். மிதிச்சாத்தான் போடுவேன்" என்றாள் அவள்.

இரண்டு நாள் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பாலத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுப் பீரோவுக்கு இடம் பண்ணினேன். பிப்ரவரியில் மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ட்ரெயினிலும் பஸ்ஸிலும் பாலிகஞ்சுக்குப் போனவனும் நான்தான்.

ஹாலில் சுவரெல்லாம் யார் யாருடைய படங்களோ. வாசல் முழுக்க அவள் கோலம். திறப்பு விழா நேரத்தில் கஞ்சி போட்ட வேட்டியும் பட்டுப் புடவையுமாக நாற்பது பேர் வெளியே நின்றார்கள். மிதிக்கலாம் என்று அட்டையில் எழுதியிருந்தும் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. நிகில் பாபுகூடத் தயங்கினார்.

உள்ளே நின்றிருந்த சுந்தரவல்லி என்னைப் பார்த்தாள். "ஏன்னா, நீங்க மொதல்ல வாங்கோ. உங்களுக்குத்தான் பழக்கம்."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். தினமும் ஆபீஸ் அவசரத்தில் அவள் கோலத்தை மிதித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். க்ளப்பில்கூட நான் பார்த்தது மற்றவர்கள் முகத்தைத்தான். அன்றைக்கு முதல் தடவையாகக் குனிந்து கோலத்தைப் பார்த்தேன். நாலு இழையும் எங்கேயும் தடுமாறாமல் போய்க்கொண்டே இருந்தன. எந்த இடத்தில் காலை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"என்ன பாத்துண்டு நிக்கறேள்? எட்டு இருவது லோக்கலுக்குப் போற மாதிரி வாங்கோ" என்றாள்.

ஷூவைக் கழற்றிவிட்டுப் போனேன்.