ஃப்ரீசரில் கிடந்த ஊசிகள்

1

இந்தக் கதை எனக்கு ஃப்ரீசரில் கிடைத்தது. ஐஸ் எடுக்கப் போனேன். பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் அக்காவின் முடக்குவாத ஊசிப் பெட்டி கல்லாக உறைந்து கிடந்தது. (உன்னதமான பிறப்பிடம் எதிர்பார்த்தவர்கள் வேறு கதை பாருங்கள்.)

2

முதல் வரைவு: ‘அவள் உடலே அவளுக்கு எதிராகப் போர் தொடுத்த அந்த—’

அடித்துவிட்டேன். இந்த நோயின் பேரைக் கேட்டாலே எழுத்தாளனுக்கு எச்சில் ஊறிவிடுகிறது: போர், துரோகம், முற்றுகை! அக்கா சின்னதாக சலூன் வைத்து முடி வெட்டுகிறவள். அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

“கத்திரிக்கோல் வளையத்துல விரல் நுழையலடா. அதை எழுது. போராம், போர்!”

மாத்திரைகள் கைவிட்டுவிட்டன. இந்த ஊசியும் கேட்காவிட்டால் சலூனை மூடப்போகிறாள்.

3

அக்கா புருஷனை நல்லவராக எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. உறைய விடாதீர்கள் என்று மருந்துக்கடையில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அய்யாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பாதியிலேயே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

“ஃப்ரிட்ஜை விட ஃப்ரீசர் இன்னும் சேஃப்தானே, மாப்ளே?”

“உறைஞ்சா வீண் மாமா. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்.”

அவர் பெட்டியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். மறுநாள் எடுத்துக் குலுக்கிக் காட்டினார்.

“உருகிடுச்சுல்ல? அப்புறம் என்ன? உங்கக்காகிட்ட மூச்சு விடாதே. காலம் பூரா சொல்லிக் காட்டுவா.”

* இவை உயிரியல் மருந்துகள். உயிருள்ள செல்களை வைத்துத் தயாரிப்பவை. உறைந்து உருகினாலும் பார்க்க லட்சணமாகவே இருக்கலாம், காரியத்துக்கு நம்ப முடியாது. மருந்தைத்தான் சொல்கிறேன்.

4

முடிவு அ: அவர் மனம் திருந்தி அழுகிறார். எழுதும்போதே சிரிப்பு வந்தது, கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: அக்கா தானாகவே கண்டுபிடிக்கிறாள். எப்படி? நாங்கள் இருவரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் எதைக் கண்டுபிடிப்பாள்? ஊசி கேட்கவில்லை என்றால் தன் உடம்பைத்தான் திட்டிக்கொள்வாள்.

5

அக்கா அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் குளிர் விடட்டும் என்று மேசைமேல் வைத்திருந்தாள். இப்போது தொடையைப் பஞ்சால் துடைக்கிறாள். அக்கா புருஷன் அவள் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்.

“பயப்படாதே, நான் இருக்கேன்ல.”

அக்கா என் பக்கம் திரும்புகிறாள். “என்னடா எழுதிட்டே இருக்கே? இதைப் போட்டா விரல் மடங்கும்ல?”

இங்கே நிறுத்தினால் திறந்த முடிவு என்று பாராட்டுவார்கள். அக்காவுக்கு அதனால் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. அவள் ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டாள். விஷயம் தெரிந்தவர்கள் உங்களையும் சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம்.

யாராவது ஒருத்தர் வாயைத் திறங்கள்.