மான் கலைக்கும் உத்தியோகம்

எங்கள் கல்லூரி வளாகத்தின் பழைய மாடிக் கட்டடத்தை இடித்தது சரிதான். மழை பெய்தால் வகுப்புக்குள் குடை பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பக்கம் புல்தரையும், மறுபக்கம் உயரமான கம்பிவேலிக்குள் ட்ரான்ஸ்போமரும் தண்ணீர்த் தாங்கியும் வந்தன. ஒன்பது வருடமாகத் தற்காலிகத் தோட்டத் தொழிலாளியாக இருக்கும் என்னிடம் புல்தரையை ஒப்படைத்தார்கள். திறப்புவிழா அன்று புல் பச்சையாக இருந்தால் என்னை நிரந்தரமாக்குவதாகப் பணிப்பாளர் நிருபன் சொல்லியிருந்தார். கையெழுத்து மட்டும் இல்லாத நியமனக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

திருகோணமலையில் புல் வளர்ப்பவன் மானை மறக்கலாமா? நான் மறந்தேன். புல் விரல் நீளம் வந்த அன்றே கோட்டைப் பக்கமிருந்து ஐந்து புள்ளிமான்கள் வந்துவிட்டன. அடிக்கவும் சட்டம் விடாது. சரி, லஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்று சந்தையில் வாழைப்பழத் தோலைச் சாக்கில் அள்ளிவந்து புல்தரைக்கு வெளியே கொட்டினேன். அடுத்த கிழமை நாற்பது மான்கள். தோலையும் தின்றன, புல்லையும் தின்றன, நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வந்தன.

விழா அன்று புல்தரை மொட்டை. மிஞ்சிய புல்கட்டிகளை நான் சும்மா வீசியிருந்த கம்பிவேலிக்குள் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. கையெழுத்தை மறந்துவிடு என்றார் பணிப்பாளர். பிறகு வேறு வழியில்லாமல் கதிரைகளை வேலிக்குள் போட்டு, மண்டையோடு வரைந்த அபாயப் பலகைக்குக் கீழே பிரதம விருந்தினரை உட்கார வைத்தார். நிறைகுடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம்.

அந்த வாசம் போதாதா? பணிப்பாளரின் உரை முடிவதற்குள் நாற்பது மானும் வேலி வாசலில் நெருக்கியடித்தன. காவலாளி பயந்து கேற்றை உள்ளேயிருந்து சாத்தினார். கொம்புகளைக் கண்ட விருந்தினர் கதிரையில் ஏறி நின்றார். நான் மட்டும் வெளியே.

“சிவரூபன், இதுகள் உமக்குப் பின்னாலதானே வாறது. கூட்டிக்கொண்டு போம்,” என்றார் பணிப்பாளர்.

ஒன்பது வருடத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோசமும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“ஓம் சேர். ஆனா இது பொறுப்பான வேலை. தற்காலிகக்காரனிட்ட விட ஏலாது,” என்று கடிதத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினேன்.

கதிரையில் நின்றபடியே பேனாவைக் கொடுத்தவர் விருந்தினர்தான். பணிப்பாளர் தண்ணீர்த் தாங்கியின் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. பிறகு நாற்பது மானையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். உத்தியோகத்தில் முதல் நாள் என்பதால் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.